களிமண் தராசில் ஜெய்த்தூன் அக்கா

போன மாதம் எங்கள் பீங்கான் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். இப்போது ஆலையின் மருந்தறையில் இருக்கும் நர்ஸ் பெண்ணும் வந்திருந்தாள். கையில் நடையை எண்ணிச் சொல்லும் கடிகாரம் கட்டியிருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் சோறு விழுவதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

"சிஸ்டர், நீங்க அந்தக் காலத்துல ஆளுங்கள களிமண் தராசுல நிக்க வெச்சி எடை போட்டீங்களாமே, நெசமா?"

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க. ஈரம் கழிச்சி எழுதினாங்களாம். சொல்லிட்டுச் சிரிக்கறாங்க. முழுசா யாருக்கும் தெரியல."

எனக்கு முழுசாகத் தெரியும். நான்தான் அன்றைக்கு மருந்தறைக்கும் தராசுக்கும் நடுவே ஓடியவள். பந்தியில் சொல்லத் தொடங்கி, பாயசம் வருவதற்குள் பாதிதான் முடிந்தது. எனக்கு எப்போதுமே அவசரம், எதைச் சொன்னாலும் நடுவிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அதனால் இந்தத் தடவை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கடலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி முடித்தேன். கட்டில் விரிக்கவும், ஊசி கொதிக்க வைக்கவும், திட்டு வாங்கவும் அங்கே கற்றுக்கொண்டேன். அறுபதுகளின் கடைசியில் ஆலையில் சேர்ந்தேன். கப்பு, சாஸர், ஊறுகாய் ஜாடி என்று எல்லாம் செய்கிற ஆலை. மருந்தறை என்பது சூளைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஸ்பிரிங் வைத்த ஓர் எடை மிஷின். நான் மட்டும் முழு நேரம். டாக்டர் சண்முகம் வாரத்தில் இரண்டு நாள் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார்.

டாக்டருக்குப் பொறுமை கிடையாது. கதவு கிரீச்சிட்டால் கத்துவார், நான் கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் சத்தத்துக்கும் கத்துவார். நோயாளி முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டால் மட்டும் ஆள் மாறிவிடுவார். நாடி பார்க்கும்போது தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நோயாளியின் கையில் கொடுத்துவிடுவார்.

"நீங்க இந்த வினாடி ஓடற சின்ன முள்ளப் பாருங்க. ஒரு சுத்து சுத்தினதும் சொல்லுங்க. நான் நாடியப் பாக்கறேன்."

முள்ளைப் பார்க்கிற மும்முரத்தில் அந்த ஆளுக்குப் பயம் போய்விடும். படபடப்பு அடங்கி நிஜமான நாடி கிடைக்கும். இன்னொரு வழக்கமும் உண்டு. என்ன சாப்பிட்டாய் என்று காலையிலிருந்து கேட்க மாட்டார். ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து பின்னோக்கிக் கேட்பார். "முன்னாலருந்து கேட்டா எல்லாரும் இட்லி ரெண்டும்பாங்க. பின்னாலருந்து கேட்டாத்தான் நடுவுல தின்ன போண்டா வெளிய வரும்" என்பார்.

எனக்கோ வந்த நாளிலிருந்து கை பரபரக்கும். சுவரில் படம் ஒட்டுவேன், கீரையைப் பற்றிப் பேசுவேன். பத்திரிகைகளில் வரும் உடம்பு இளைக்கும் குறிப்புகளை வெட்டி ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். உலகத்தையே ஒரு சைஸுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று அப்போது எனக்கு எண்ணம்.

ஆலையில் கூலி ஆட்களை மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் களிமண் பொருட்கள் காயாது. காயாதவற்றைச் சூளையில் அடுக்க முடியாது, வேலையும் இருக்காது. நிரந்தரம் ஆனவர்களுக்கு மட்டும் மழையிலும் சம்பளம் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில், கூலி ஆட்களில் பழையவர்கள் சிலரை நிரந்தரமாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. உடல் தகுதிச் சான்று வேண்டும் என்றார்கள். டாக்டர் பார்க்க வேண்டும், மானேஜர் கையெழுத்துப் போட வேண்டும்.

மானேஜர் மெட்ராஸிலிருந்து வந்தவர். ஒல்லி, நிமிர்ந்த நடை, இன்ன நேரத்துக்கு இன்னது என்று இருப்பவர். மேசையில் எப்போதும் ஒரு கூஜா நிறையத் தண்ணீர் இருக்கும். மத்தியானத்துக்குள் அதை இரண்டு தடவை நிரப்பச் சொல்வார். உயரத்துக்கு ஏற்ற எடை எவ்வளவு என்று போட்ட ஒரு சார்ட்டை எங்கிருந்தோ வரவழைத்து, கண்ணாடி போட்டு, மருந்தறையில் அவரே நின்று ஆணி அடித்து மாட்டினார். எனக்கு அதைப் பார்த்து ஒரே சந்தோஷம்.

அந்தச் சார்ட்டில் மாட்டிக்கொண்டவர்தான் ஜெய்த்தூன் அக்கா.

அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் கோப்பைகளின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் வழித்து, ஈரப் பஞ்சால் துடைத்து, நீளப் பலகையில் வரிசையாக வைத்து, பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காயவைக்கிற வேலை அவருக்கு. நல்ல பருமன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். அத்தா என்று அவர் சொல்லும் அப்பாவும் அப்படியே. ஆலையில் அவருக்கு 'ஜாடி' என்று பேர், முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். வீட்டுக்காரருக்கு மூச்சு இழுப்பு, தொடர்ந்து வேலைக்குப் போக முடியாது. இரண்டு பெண் பிள்ளைகள். ஒவ்வொரு மழைக்காலமும் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் பரிசோதனையில் எங்கள் மிஷின் எண்பத்தெட்டு கிலோ காட்டியது. மானேஜர் சார்ட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "சார்ட்டுப்படி போனா முடியவே முடியாது. எண்பதுக்குக் கீழ வரட்டும், மழைக்கு முன்னாடி மறுபடி பாக்கலாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. தாராளமாக இருப்பதாகத்தான் நினைத்தார்.

டாக்டரும் அன்று கையெழுத்துப் போடவில்லை. அவருடைய காரணம் வேறு. படி ஏறினால் அக்காவுக்கு மூச்சு வாங்கியது, ரத்த அழுத்தம் கூடுதல், சிறுநீரில் சர்க்கரை இருந்தது.

சர்க்கரை பார்க்கும் முறையை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சோதனைக் குழாயில் கொஞ்சம் நீல மருந்தை ஊற்றி, முதலில் அதை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பேன். மருந்து கெட்டிருந்தால் அங்கேயே நிறம் மாறிவிடும். மாறாவிட்டால் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு மறுபடி கொதிக்க வைத்து, ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம் இருக்கிறது, மஞ்சள் என்றால் இன்னும் கூட. செங்கல் நிறம் வந்தால் நிறைய.

அன்று அக்காவின் குழாய் மஞ்சளுக்குப் போய் நின்றது. அக்காவே எட்டிப் பார்த்தார்.

"அட, நம்ம மஞ்ச கப்பு கலரு! இதுக்கு மேல ஒரு பூவு வரைஞ்சா வித்துடலாம் சிஸ்டரு."

"சிரிக்காதீங்கக்கா. இது சர்க்கரை."

"இனிப்பா இருக்கேன்னு இன்னிக்காவது ஒரு மிஷினு சொல்லுச்சே."

சிரித்தபடிதான் எழுந்தார். வாசலுக்குப் போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "எண்பதா... ஐப்பசிக்குள்ள..." என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

நான் உடனே டப்பாவைத் திறந்தேன். காலையில் பார்லித் தண்ணீர், மத்தியானம் இரண்டு காய்ந்த சப்பாத்தி, ராத்திரி மோர். எந்த ஊர்ப் பத்திரிகையோ. அக்கா என்னையும் மிஞ்சினார். சப்பாத்தியையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறும் பார்லித் தண்ணீரில் நாளைத் தள்ளினார். அதற்குள்ளாகவே டெய்லர் சலீமிடம் போய் இரண்டு ரவிக்கைக்கு அளவு கொடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். டெய்லர் நாடாவைச் சுற்றும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க நின்றார்.

"தங்கச்சி, மூச்ச வுடு. அளவு தப்பாப் பூடும்."

"நீங்க அளங்கண்ணே. அதுலயும் ரெண்டு இஞ்சு கொறச்சே எழுதுங்க. தீபாவளிக்குள்ள சரியாப் பூடும்."

பத்து நாள்கூட ஆகியிருக்காது. பலகையோடு காயவைக்கும் கொட்டகைக்குப் போகும் வழியில் அக்கா அப்படியே சரிந்தார். பச்சைக் கோப்பைகள் மொத்தமும் தரையில் நசுங்கிக் கிடந்தன. டாக்டர் வந்த நாள் அது. வழக்கம்போலக் கடிகாரத்தை அவர் கையில் கொடுத்தார், பிடிக்கக்கூடத் தெம்பில்லை. பிறகு நேற்று ராத்திரியிலிருந்து பின்னோக்கிக் கேட்டார். மோர். பார்லித் தண்ணி. பார்லித் தண்ணி. மோர்.

பத்திரிகைக் குறிப்பு என்று நான் ஒப்புக்கொண்டதும் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அந்தப் பத்திரிகைக்காரன் வந்து இந்தப் பலகையத் தூக்குவானா?"

டப்பா அன்றைக்கே சூளைக்குள் போனது.

பிறகு அக்காவிடம், "பாரும்மா, உன் உடம்பு உன் அத்தா கொடுத்தது. அதைக் கரைச்சு வேற ஆளா ஆக்கறது என் வேலை இல்ல. மூச்சு வாங்கக் கூடாது, குழாய் நீலமா நிக்கணும். இது ரெண்டுதான் எனக்கு வேணும். மூணு வேளையும் சாப்பிடு" என்றார்.

"சார், மானேஜருக்கு எண்பது வேணுமே?"

"அவருக்கு என்ன வேணும்னு அப்பறம் பாக்கலாம். டீயில எத்தனை ஸ்பூன் சக்கர?"

"கேன்டீன்ல அவன் போடறதுதான். மூணோ நாலோ."

"எத்தனை டீ?"

அக்கா கூரையைப் பார்த்தார்.

டீயில் சர்க்கரை நின்றது. சோற்றில் ஒரு கரண்டி குறைந்தது, கீரையும் காராமணியும் கூடின. மீன் அப்படியே இருந்தது. கல்யாண வீட்டுப் பிரியாணியும் இருந்தது, இரண்டாம் தட்டு மட்டும் கிடையாது. காலையில் கேழ்வரகுக் கூழ். இதெல்லாம் சுலபமாக நடந்தது. டாக்டர் நடக்கச் சொன்னதுதான் நடக்கவில்லை. அவர் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், நல்ல நடை தூரம். ஆனால் தினமும் பங்குக் குதிரைவண்டியில், அதுவும் உள்ளே ஒடுங்கி உட்கார்ந்து, பின்பக்கத் துணியை இறக்கிவிட்டுத்தான் வருவார்.

"ஏன்க்கா, நடந்தா என்ன?"

"கால் வலிக்கும் புள்ள."

"பலகையத் தூக்கிக்கிட்டு நாள் பூரா நடக்கறீங்க, அப்ப வலிக்கல?"

ரொம்ப நாள் கேட்ட பிறகு ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். "கேட்டாண்ட டீக்கடை இருக்குதுல்ல. அங்க நாலு பேரு குந்திக்கிட்டு இருப்பானுவ. நான் வந்தா, 'ஜாடி வருது, தண்டவாளம் தாங்குமாடா'ம்பானுவ. ஆலையில சொல்றது வேற. அவங்க எங்கூட சோறு தின்றவங்க. இவனுங்க யாரு என்னைச் சொல்ல? புள்ளைங்க கூட வர்றப்ப ஒருநாள் சொன்னானுவ. அதோட சரி, நான் ரோட்டுல கால வெக்கறதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. உடம்பு இளைக்க நடக்க வேண்டும், உடம்பு இப்படி இருப்பதால் நடக்க முடியாது. டாக்டரிடம் சொன்னேன். அதற்கு அவரிடம் மருந்து இல்லை. "துணைக்கு யாராச்சும் போங்களேன்" என்று எரிந்து விழுந்தார்.

போனோம். மறுநாள் சாயங்காலம் சங்கு ஊதியதும் நான், பிசிறு வழிக்கும் பெண்கள் நாலு பேர், நடுவில் அக்கா. கேட் மூடியிருந்தது, சரக்கு ரயில் ஒன்று நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. தப்பிக்க வழியே இல்லை. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருத்தன் சரியாக ஆரம்பித்தான்.

"டேய், பெரிய ஜாடிடா! வழி வுடுங்கடா!"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என்ன தோன்றியதோ, நிமிர்ந்தார். முக்காட்டைச் சரி செய்துகொண்டு நேராகக் கடைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஆமாந்தம்பி, ஜாடிதான். உங்க வூட்டுல ஊறுகா எதுல கெடக்குது? டீ கிளாஸுலயா?"

பெஞ்சில் சிரிப்பு. அவன் நெளிந்தான்.

"சொல்லு, வெக்கப்படாத. கேட்டா சொல்லணுமில்ல? உங்கம்மா வூட்டுல தினம் ஒரு கிளாஸ் ஒடையும். ஜாடி ஒடைஞ்சி பாத்திருக்கியா? போய் அம்மாவக் கேளு, அத எவ்ளோ பத்திரமா வெச்சிருக்காங்கன்னு. நான் செஞ்ச ஜாடியாக்கூட இருக்கும்."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்து, "அக்கா, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க, காசு அவன்கிட்ட வாங்கிக்கறேன்" என்றார்.

"சக்கர போடாத டீ குடுப்பியா?"

"குடிப்பீங்களா?"

"பழகிட்டேன்."

ரயில் போய்க் கேட் திறந்தது. அன்றிலிருந்து குதிரைவண்டி நின்றது. காலையில் நடை, சாயங்காலம் நடை, கேட்டுப் பக்கம் சர்க்கரை போடாத ஒரு டீ. அந்தப் பையன் ஒரு வாரம் கண்ணில் படவில்லை. பிறகு ஒருநாள், "அக்கா, மழ வர மாரி இருக்குது, சீக்கிரம் போங்க" என்று மரியாதையாகச் சொன்னான்.

ஆடி கழிந்தபோது குழாய் பச்சைக்கு வந்தது. ஆவணியில் ஒரு நாள் நீலத்திலேயே நின்றது. நம்பாமல் மருந்தை மாற்றி இன்னொரு தடவை கொதிக்க வைத்தேன். நீலம்தான். அழுத்தமும் இறங்கியிருந்தது. ஆனால் சலீம் தைத்த இரண்டு ரவிக்கையும் பெட்டியில் அப்படியே கிடந்தன. கை நுழையவில்லை.

மறு பரிசோதனை நாள் வந்தது. அதற்கு முந்தின வாரம் மருந்தறை மிஷினில் ஸ்பிரிங் போய், யார் ஏறினாலும் முள் ஒரே இடத்தில் ஆடியது. "வாசல் தராசு என்னத்துக்கு இருக்கு? அங்க எடை போடுங்க" என்றார் மானேஜர்.

வாசல் தராசு என்பது சுரங்கத்திலிருந்து வரும் களிமண்ணை எடை போடும் மேடைத் தராசு. அதற்குக் கலியமூர்த்தி அண்ணன்தான் ராஜா. மண் ஈரத்தோடு வரும். ஈரத்துக்கு ஆலை காசு கொடுக்காது. அதனால் அவர் ஒரு பிடி மண்ணைக் கையில் அழுத்திப் பார்த்து, பத்துக்கு ஒன்று, பத்துக்கு ஒன்றரை என்று மனதுக்குள்ளேயே கழித்துவிட்டு, மீதி எடையை மட்டும் உரக்கக் கூவுவார். கழிக்காத எடை எதுவும் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

நிரந்தரத்துக்கு நின்றவர்கள் வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்து ஒவ்வொருவராக மேடையில் ஏறினார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி தராசுக் கம்பியில் எடைக் குண்டை நகர்த்தினார், எட்டிப் பார்த்தார், கூவினார்.

"எழுபத்தெட்டேய்!"

பெண்கள் கத்திய கத்தலில் சூளைக்காரர்கள் வெளியே ஓடிவந்தார்கள். நான் அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மானேஜருக்கும் ஒரே பெருமை. "பாத்தீங்களா, சார்ட்டு மாட்டினதுக்குப் பலன்!" என்றார். அந்தக் குஷியில், "சரியான எடைன்னா எப்படி இருக்கும்னு காட்டறேன்" என்று சொல்லி அவரும் மேடையில் ஏறிவிட்டார்.

"அம்பத்திரெண்டேய்!"

மானேஜர் முகம் மாறியது. இறங்கி நேராக உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் மருந்தறையில் டாக்டர் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் குழாய் தாங்கியில் நீலமாக நின்றது. டாக்டரும் மானேஜரும் சான்றை நிரப்பிக் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் பாக்கி. கதவு கிரீச்சிட்டது. மானேஜர்.

"டாக்டர், ஒரு நிமிஷம். அம்பத்தெட்டு இருந்தேன் நான். வருஷக் கணக்கா அம்பத்தெட்டு. இப்ப அம்பத்திரெண்டு. இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல. எனக்கு என்ன ஆச்சு?"

டாக்டர் கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "சின்ன முள்ளப் பாருங்க." நாடி பார்த்தார், மார்பைத் தட்டிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு குழாயை நீட்டினார். மானேஜர் பின்பக்கம் போய் வந்தார். நான் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தேன்.

பச்சையானது. நிற்கவில்லை. மஞ்சளானது. அதையும் தாண்டிப் போனது. கடைசியில் அப்படியே செங்கல்.

அக்காவின் நீலக் குழாய்க்குப் பக்கத்திலேயே அதைக் கொண்டு வைத்தேன். வேறு இடம் இல்லை.

"அடிக்கடி தண்ணி குடிக்கறீங்களே, எத்தனை நாளா?" என்று டாக்டர் கேட்டார்.

"அது வெயிலு டாக்டர்."

"பேன்ட் லூசாச்சா?"

"இல்ல. இதே ஓட்டையிலதான் பெல்ட் போடறேன்."

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "ஆறு கிலோ போனா பெல்ட் சொல்லுமே. சிஸ்டர், அந்தத் தராசுக்காரர்கிட்டப் போய் எப்படி எடை போட்டார்னு கேட்டுட்டு வாங்க."

ஓடினேன். கலியமூர்த்தி அண்ணன் தராசின் மேல் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மானேஜர் எடை குறைஞ்சிடுச்சின்னு பயந்து போயிருக்காரு. சரியாத்தான் பாத்தீங்களா?"

"சரியாத்தான் பாத்தேன். பயப்பட வேணாம்னு சொல்லு. ஈரம் கழிச்சதுதான்."

"என்னது?"

"ஈரம்மா. அந்தப் பொம்பளைங்க சீலையெல்லாம் மண்ணு தண்ணி சொட்டச் சொட்ட வந்து நின்னாங்க. பத்துக்கு ஒண்ணு கழிச்சிட்டேன்."

"மானேஜரு நனையலியே?"

யோசித்தார். பீடியைக் கீழே போட்டார். "வாய் பழகிடுச்சும்மா. தானா வந்துடுச்சி."

திரும்பும்போது கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். மானேஜருக்கு ஐம்பத்தெட்டு அப்படியே இருக்கிறது. அப்படியானால் அக்காவுக்கு எண்பத்தேழு. இத்தனை மாத நடைக்கு ஒரு கிலோ. மானேஜரிடம் போய் 'உங்கள் எடை குறையவில்லை சார்' என்று சொன்னால் அக்காவுக்கு மழைக்காலச் சோறு போகும். சொல்லாவிட்டால் ஒரு மனிதர் குறையாத எடையை நினைத்து இரவெல்லாம் தூங்க மாட்டார். மேகம் வேறு தெற்கே கருத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

மானேஜர் நாற்காலியில் சாய்ந்து அப்பாடா என்றார். அக்கா சுவரைப் பார்த்தார்.

"நான் அப்பவே நெனச்சேன் சிஸ்டரு. எழுபத்தெட்டுன்னா அந்த ரவிக்க ஏறியிருக்கணுமே."

டாக்டர் அதுவரை சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "மனுஷனுக்கு ஈரம் கழிச்சானா!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு எழுந்து, "எல்லாரும் கொட்டகைக்கு வாங்க" என்றார்.

காயவைக்கும் கொட்டகைக்கு மாடி உண்டு. சூளைச் சூடு ஏறி மேலே சீக்கிரம் காயும் என்பதால் மழை நாளில் பலகைகளை அங்கே ஏற்றுவார்கள். செங்குத்தான மரப்படி. டாக்டர் ஒரு முழுப் பலகைக் கோப்பையை அக்காவிடம் தூக்கிக் கொடுக்கச் சொன்னார். கடிகாரத்தை மானேஜரிடம் கொடுத்து, "நீங்களும் மேல வாங்க. அங்க வந்து முள்ளப் பாருங்க" என்றார்.

அக்கா பலகையைத் தோளில் வைத்தார். ஏறும்போதே பேசினார். "பாத்து வாங்க சார், மூணாவது படி ஆடும்." மேலே போய்ப் பலகையை இறக்கி வைத்தார், ஒரு கோப்பை அசையவில்லை. டாக்டர் நாடியைப் பிடித்தார். மானேஜர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடியே முள்ளைப் பார்த்தார். ஒரு சுற்று ஆனதும் சொல்லக்கூட அவருக்கு மூச்சு வரவில்லை, கையைத்தான் தூக்கினார்.

"இந்தம்மா வேலைக்குத் தகுதி. என் கையெழுத்து ரெடி" என்றார் டாக்டர். "நீங்க நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க சார். எடை சரியாத்தான் இருக்கு. மத்ததப் பாக்கணும். நல்ல நேரத்துல தெரிஞ்சுது."

மானேஜர் வேட்டி நுனி கிடைக்காதவர் மாதிரி பேன்ட் பையைத் துழாவிக் கைக்குட்டை எடுத்து முகம் துடைத்தார். "அப்ப அந்த சார்ட்டு..."

"மாட்டியே இருக்கட்டும். எடுத்தா சுவத்துல ஓட்டை தெரியும்."

கீழே வந்து பேனாவைத் திறந்தார் மானேஜர். "எடை என்னன்னு போடறது?"

"உள்ளதப் போடுங்க சார். எண்பத்தேழு" என்றார் ஜெய்த்தூன் அக்கா. "நான் என்ன, எங்கியாவது ஒளிச்சா வெச்சிருக்கேன்?"

போட்டார். கையெழுத்தும் போட்டார். அவர் போன பிறகு நான் பெஞ்சில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். டாக்டர் சத்தத்துக்குத் திட்டவில்லை.

மானேஜர் அதற்குப் பிறகு பல வருடம் நன்றாக இருந்தார். சாயங்காலம் காரை அனுப்பிவிட்டு ரயில்வே கேட் வரை நடப்பார். எங்கள் கூட்டத்துக்குப் பத்தடி பின்னால்தான் வருவார், மானேஜர் இல்லையா. டீக்கடையில் மட்டும் அக்கா திரும்பிப் பார்த்து, "சக்கர இல்லாம ரெண்டு" என்று சொல்வார். அக்கா ஓய்வு பெறும்வரை குழாய் நீலமாகவே இருந்தது என்று சொல்ல ஆசைதான். இரண்டு தடவை பச்சைக்குப் போனது, இரண்டுமே கல்யாண மாதம். திரும்ப இறக்கினார். உடம்பு ஜாடியாகவே இருந்தது. நான் அதற்கப்புறம் யாரையும் இளைக்கச் சொன்னதில்லை. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

அந்த வருடம் மழை பிடித்த முதல் வாரம். நிரந்தரம் ஆனவர்களுக்கு ஆலை நீலச் சேலையும் ரவிக்கையும் கொடுக்கும். அளவெடுக்கக் கேன்டீனுக்கு டெய்லர் சலீமையே வரச் சொல்லியிருந்தார்கள். வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டியது. கூலி ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்ட பிறகு பாதிக் கேன்டீன் காலி. வரிசையில் அக்கா முறை வந்தது. சலீம் நாடாவை எடுத்துக்கொண்டு, பழைய ஞாபகத்தில், "எத்தினி இஞ்சு கொறைக்கணும் தங்கச்சி?" என்று கேட்டார்.

அக்கா இரண்டு கையையும் தூக்கினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். பிறகு கேன்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரி அதை விட்டார்.

"இப்ப அளங்கண்ணே."